சதுரகிரி போறீங்களா? வத்திராயிருப்பு வயலையும் கொஞ்சம் பாருங்க!

விருதுநகர் மாவட்டம்னாலே உங்களுக்கு பட்டாசும் வெயிலும்தான் ஞாபகம் வரும். ஆனா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வத்திராயிருப்புக்கு பஸ் ஏறிப் பாருங்க. நெல் வயல், தென்னந்தோப்பு, பின்னாடி மேற்குத்தொடர்ச்சி மலை. இது அதே மாவட்டம்தானான்னு கேட்பீங்க.

மலையில் பெய்யும் மழையை பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறுன்னு ரெண்டு அணைகள் தேக்குது. (முல்லைப் பெரியாறு வேற, இது வேற!) பெரியாறு அணையோட முழு நீர்மட்டமே 47.56 அடிதான், மேட்டூர் 120 அடி. அதனால, ஊரைக் காப்பாத்துறது கண்மாய்கள்தான். ஒரு கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாய்ஞ்சாதான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணி. நடுவுல வரத்துக்கால்வாய் தூர்ந்துபோனா, கீழே இருக்கிற ஊரோட பயிர் காயும். அணை நிறைஞ்ச வருஷத்துலயும் இதே கதைதான்.

தண்ணி வந்தாலும் விவசாயிக்குத் தூக்கம் கிடையாது. ஒட்டியிருக்கிற காடு 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாச்சு. யானை தோப்புக்குள் வந்தா, பல வருஷம் வளர்த்த தென்னை ஒரே ராத்திரியில் சாஞ்சு கிடக்கும். நஷ்டஈடு வரலாம், அடுத்த தென்னை காய்க்க இன்னும் பல வருஷம் ஆகுமே?

தாணிப்பாறைக்குப் போற வழியில், கண்மாய்க்கரையில் வண்டியை நிறுத்தி மறுகால் பாயுதான்னு பாருங்க. பாய்ஞ்சா, இந்த வருஷம் கீழ் ஊரிலும் நடவு உண்டு.