இரவில் நிறம் காணும் இரு பூச்சிகள்

ரேணிகுண்டாவிலிருந்து திருக்காளத்திக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் ஏர்பேடு. நிலவற்ற இரவில், அவ்வூரின் விளக்குகளைக் கடந்து வயல்வெளிக்குச் சென்றால், செம்பூவும் பச்சிலையும் ஒரே கருமையாகத் தோன்றும். மிக மங்கிய ஒளியில் நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல் மனிதக் கண்ணுக்கு இல்லை. ஆயினும், விண்மீன் ஒளியிலேயே நிறம் காணும் பூச்சிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று காட்டுத் தேனீ, மற்றொன்று அந்துப்பூச்சி.

காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு அமைப்பதால் ‘தச்சுத் தேனீ’ எனப் பெயர் பெற்ற வண்டினம் ஒன்று உண்டு. அவ்வினத்துள் பல பகலில் பறப்பவை. ‘சைலோகோபா டிராங்குபாரிகா’ என்னும் வகையோ நிலவற்ற இரவிலும் பறக்கிறது. இப்பெயருள் தமிழ்நாட்டின் தரங்கம்பாடி மறைந்துள்ளது. டேனியர் அவ்வூரை ‘டிராங்குபார்’ என்றே வழங்கினர்.

மகாராட்டிரத்தின் பீமாசங்கர் காட்டில், இத்தேனீக்களின் கூட்டு வாயிலில் நிறச் சதுரங்களை வைத்து ஆராய்ந்தனர். தேனீக்கள் விண்மீன் ஒளியிலும் அந்நிறங்களை அடையாளம் கண்டு கூடு திரும்பின. இவ்வாய்வு 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதற்கு முன்னரே, 2002ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டு அறிஞர்கள் பருந்து அந்துப்பூச்சிக்கும் இத்திறன் உண்டெனக் காட்டியிருந்தனர். அது செயற்கைப் பூக்களின் நிறமறிந்து இனிப்புநீரைத் தேடிச் சென்றது.

திறன் ஒன்றாயினும் கண்ணின் அமைப்பு வேறு. அந்துப்பூச்சியின் கண்ணில், பல நூறு சிறுகண்கள் வழியே புகும் ஒளி ஓரிடத்தில் குவிகிறது. அதனால் காட்சி வெளிச்சம் பெறுகிறது. தேனீயின் ஒவ்வொரு சிறுகண்ணும் தனித்தனியே ஒளி பெறுகிறது. அக்குறையை ஈடுசெய்யும் வகையில் இரவுத் தேனீயின் சிறுகண்கள் பெரியனவாய் உள்ளன.

வாழ்க்கையிலும் வேறுபாடு உண்டு. அந்துப்பூச்சி இலையில் முட்டையிட்டுப் பறந்துவிடும், அதற்கு வீடில்லை. தேனீயோ தன் குஞ்சுகளுக்கு மகரந்தம் சேர்த்து, இருளில் வழி தவறாது வீடு திரும்ப வேண்டும். அவ்வீடு ஒரு பட்டமரம். பயனற்றதெனக் கருதி அதனை வெட்டி எரித்தால், கூட்டிலுள்ள குஞ்சுகளும் உடன் அழியும்.

சிந்தித்து எழுதுக:
1. கூட்டை அடையாளம் காணும் தேவை தேனீக்கு ஏன் உள்ளது?
2. இரு பூச்சிகளின் கண்களும் எவ்வாறு வேறுபடுகின்றன?