சூரியனுக்குப் போட்டி!

1955-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஜினீவா நகரில் அணுசக்தியின் ஆக்க வேலைகளைக் குறித்து ஒரு மகாநாடு கூடிற்று. தலைமை வகித்தவர் நம் பாரத நாட்டு விஞ்ஞானி டாக்டர் ஹோமி பாபா. அணுக்கருக்களை ஒன்றோடொன்று இணைத்து, அதில் பிறக்கும் சக்தியைக் கட்டுக்குள் வைத்துப் பயன்படுத்தும் வித்தை இருபது வருஷங்களுக்குள் கைகூடும் என்று அவர் அன்று ஆரூடம் கூறினார். இருபது வருஷங்கள் கழிந்தன, வித்தை கைகூடவில்லை. அதைக் காண அவரும் இல்லை. 1966-ல் விமான விபத்தில் காலமாகிவிட்டார்.

அப்படி என்ன பிரமாத வித்தை அது? சூரியன் தினந்தோறும் செய்யும் காரியந்தான்! ஹைட்ரஜன் கருக்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் இயல்புடையவை. சூரியன் தன் பெரும் பாரத்தினால் அவற்றை நெருக்கி, ஒன்றரைக் கோடி டிகிரி உஷ்ணத்தில் இணைத்துவிடுகிறது. அந்தப் பாரம் இல்லாத நமக்கோ பதினைந்து கோடி டிகிரி வேண்டியிருக்கிறது! இந்த உஷ்ணத்தைத் தாங்கும் பாத்திரம் உலகில் ஏது? ஆகையால் காந்த சக்தியையே வேலியாகக் கட்டி, அனலை அந்தரத்தில் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

வேறொரு வழியும் உண்டு. 2022 டிசம்பர் 5-ல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆராய்ச்சிச் சாலையில் 192 லேஸர் கிரணங்களை ஒரு சிறு குளிகையை நோக்கிச் செலுத்தினார்கள். கிரணங்கள் கொடுத்தது 2.05 மெகாஜூல், திரும்பி வந்தது 3.15 மெகாஜூல். உலகம் ஆரவாரித்தது. ஆனால் குடும்பக் கணக்கு எழுதும் நம் பெண்மணிகள் ஏமாறமாட்டார்கள். அந்த லேஸர்களை இயக்கச் செலவான மின்சாரம் சுமார் 300 மெகாஜூல்! மூன்று ரூபாய் வரவுக்கு முந்நூறு ரூபாய் செலவு.

இந்த முயற்சியில் நம் நாடு கைகட்டி நிற்கவில்லை. காந்திநகரில் 'ஆதித்யா' என்ற யந்திரம் 1989-லேயே இயங்கத் தொடங்கிற்று. பிரான்ஸில் பல நாடுகள் கூடி அமைத்துவரும் 'ஈட்டர்' உலையில் 2005 முதல் நாமும் பங்காளிகள். அதைச் சூழும் 3,850 டன் எஃகுக் கலத்தின் பாகங்கள் குஜராத்தில் ஹஜீராவில் உருவாகிக் கப்பலேறின.

இந்த உலையில் கரிப்புகை இல்லை. உலைச் சுவர்களில் கதிரியக்கம் ஏறும் என்பது மெய்யே; ஆனால் யுரேனிய உலையின் கழிவைப் போல் அது யுகக்கணக்கில் நீடிப்பதில்லை.

"இன்று விளக்கெரியாத பலனுக்கு ஏன் இத்தனை பணம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். பாபா வைத்தது பனை. அதைப் பார்க்கக்கூட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் பனை வைப்பவன் என்றைக்குத் தனக்காக வைத்தான்?