கண்டி வீதி: நின்று காண வேண்டிய நெடுவழி



பர் துபாயில் வாழும் நம் பிள்ளைகள் விடுமுறை நாட்களில் பெற்றோருடன் புஜைராவுக்குச் செல்வதுண்டு. மசாஃபிக்கு அண்மையிலுள்ள வெள்ளிச் சந்தையில் இறங்கிப் பழம் வாங்குவர். ஹஜர் மலைகளைக் கடப்பர். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிதியா பள்ளிவாசலைக் காண்பர். மறுவாரம் அவற்றைப் பற்றி அழகாகக் கட்டுரையும் எழுதுவர். அவர்களுள் ஒருவன் சென்ற கோடை விடுமுறையில் யாழ்ப்பாணம் சென்று மீண்டான். "வழியில் என்ன கண்டாய்?" என வினவினோம். "ஒன்றும் இல்லை, சேர். இரவு வானில் ஏறிப் படுத்தோம். விழித்தபோது அம்மம்மா வீடு வந்துவிட்டது" என்றான். அவ்விடையே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலை 321 கிலோமீற்றர் நீளமுடையது. வடக்கிலுள்ளோர் இதனைக் "கண்டி வீதி" என்றே வழங்குவர். வகுப்பில் நாம் ஐவகை நிலங்களைக் கற்பிக்கிறோம். அவற்றுள் பாலையை நம் பிள்ளைகள் இங்கு நாள்தோறும் காண்கின்றனர். எஞ்சிய நான்கையும் ஒரே வீதியில் வரிசையாகக் காணலாம் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை.

குறிஞ்சி

கண்டியிலிருந்து வடக்கே இறங்கும் வீதி மலைச்சரிவுகளின் ஊடே மாத்தளையை அடைகிறது. அங்கு முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி உயர இராஜகோபுரம் தொலைவிலிருந்தே தெரியும். மாசிமகத்தில் இங்கு ஐந்து தேர்கள் வீதியுலா வரும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்ட தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்களே மலையகத் தமிழர். கோபுரத்தைக் காணும் பிள்ளைகள் அந்நடையையும் அறிதல் வேண்டும்.

மாத்தளையை அடுத்துள்ள அலுவிகாரை, பௌத்த திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடமாகப் போற்றப்படுகிறது. அதற்கு வடக்கே நாலந்தாவில் ஒரு சிறு கற்கோயில் உண்டு. பௌத்தத் தலமாயினும் அது திராவிடக் கட்டடக்கலை மரபில் அமைந்தது. போவத்தன்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாதபடி அதனைக் கல் கல்லாகப் பெயர்த்தெடுத்து மேட்டில் மீண்டும் கட்டினர். இடம்பெயர்ந்தும் வடிவம் மாறாது நிற்கும் அக்கோயில் எம்போன்றோருக்கு ஒரு பாடம்.

மருதம்

தம்புள்ளையில் ஐந்து குகைகளைக் கொண்ட பொற்கோயில் உள்ளது. 1991இல் அது உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அப்பால் மதவாச்சி வரை குளங்களும் வயல்களும் மாறி மாறி வரும். இடையில் வரும் மிகிந்தலை, அசோகனின் மைந்தர் மகிந்தர் தேவநம்பிய தீசனைச் சந்தித்ததாகக் கூறப்படும் மலை. மதவாச்சியில் மன்னார் வீதி பிரிகிறது.

முல்லை

வவுனியாவில் வன்னி தொடங்குகிறது. நகரில் பண்டார வன்னியன் சிலையைக் காணலாம். 1803இல் பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்ட குறுநில மன்னன் அவன். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என ஊர்கள் காட்டினிடையே வரும்.

இவ்வீதி போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக அடைபட்டுக் கிடந்தது. ஆனையிறவு வழியே செல்ல இயலாத நாட்களில் மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகேறிக் கடந்தனர். 2002இல் போர்நிறுத்தத்தின் பின் வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னரே மறுபடியும் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

2002இல் நாம் வன்னியில் இளம் ஆசிரியராகப் பணியாற்றினோம். வீதி திறந்த வாரத்தில் ஐந்தாம் வகுப்பு மாணவரை வீதியோர மரநிழலில் அமரவைத்து, செல்லும் வாகனங்களை எண்ணச் செய்தோம். கணித பாடமாக அது அமையட்டும் என்பது எமது எண்ணம். எண்ணிக்கொண்டிருந்த ஒரு சிறுமி, "சேர், கண்டி என்று உண்மையிலேயே ஓர் ஊர் இருக்கிறதா?" என்று கேட்டாள். பிறந்தது முதல் கண்டி வீதியோரத்தில் வாழ்ந்தவள் அவள்! அன்று கணிதத்தை நிறுத்திப் படம் வரைந்து காட்டினோம். அவள் கண்டியைக் கண்டாளா என்பதை அறியோம்.

மாங்குளத்துக்கு வடக்கே முறிகண்டிப் பிள்ளையார் கோயில். சமயம் எதுவாயினும் சாரதிகள் இங்கு வாகனத்தை நிறுத்துவர். கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்த பின்னரே பயணத்தைத் தொடர்வர். கோயிலருகே விற்கும் வறுத்த கச்சான் பெயர்பெற்றது.

அடுத்தது கிளிநொச்சி. யாழ்ப்பாணத்தின் மக்கள் நெருக்கத்தைக் குறைக்க 1936இல் அமைத்த குடியேற்றத்திலிருந்து வளர்ந்த நகர் இது. இரணைமடுக் குளத்து நீரால் இதன் வயல்கள் விளைகின்றன. போரில் வீழ்த்தப்பட்ட பெரிய நீர்த்தாங்கி பல ஆண்டுகள் வீதியோரத்தில் கிடந்தது.

நெய்தல்

பரந்தனைக் கடந்தால் ஆனையிறவு. இருபுறமும் நீர், உப்பளங்கள், உப்புக் காற்று. வன்னியில் பிடித்த யானைகளை இவ்வழியே குடாநாட்டுக்குக் கொண்டு சென்றமையால் இப்பெயர் எய்தியது என்பர். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் இங்கு பெரும் போர்கள் நிகழ்ந்தன. இருதரப்பிலும் இளையோர் பலர் மாண்டனர். இங்கு இறங்குவோர் படம் எடுக்குமுன் சிறிது நேரம் மௌனமாக நிற்றல் நன்று.

அப்பால் பளையின் தென்னந்தோப்புகள், கொடிகாமம் சந்தை, மாவுக்கும் பலாவுக்கும் பெயர்பெற்ற தென்மராட்சி, 2000இல் போரில் அழிந்து மீண்டும் எழுந்த சாவகச்சேரி. நாவற்குழிப் பாலத்தைக் கடந்தால் யாழ்ப்பாணம் அண்மித்துவிடும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

கட்டுநாயக்காவில் இறங்கி நேரே வடக்கே செல்வோர் கண்டியையும் மாத்தளையையும் காண்பதில்லை. ஓரிரவு கண்டியில் தங்கி, மறுநாள் விடியற்காலையில் புறப்படுங்கள். பகலில் செல்லுங்கள். பிள்ளைகளை உறங்க விடாதீர்கள். ஊர்ப் பெயர்ப் பலகைகளை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அதுவே சிறந்த தமிழ்ப் பாடம்.

மாணவச் செல்வங்களே! நாம் இன்று அகதியாய் வாழ்கிறோம். அவ்வழியே திரும்பிச் செல்லும் நாள் எமக்கு இன்னும் வாய்க்கவில்லை, உங்களுக்கு வாய்த்திருக்கிறது. முறிகண்டியில் எமக்காகவும் ஒரு தேங்காய் உடையுங்கள். மீண்டு வந்ததும் "யான் கண்ட கண்டி வீதி" என்று ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள். அதனோடு ஒரு சரை கச்சானும் வந்தால் மறுக்கமாட்டோம்.