கீரை ஆகும், நெய் ஆகாது

மருத்துவக் கல்லூரியில் நான் உயிர்வேதியியல் நடத்திய காலத்தில், கொழுப்பு அமிலம் உடலில் எரியும் பாடத்தன்று ஒரு கொத்து முருங்கைக்கீரையோடு வகுப்புக்குப் போவேன். காம்பைப் பிடித்து உருவினால் இலைகள் ஜோடி ஜோடியாக உதிரும். பக்கக்காம்பு குறுக்கிட்டால் விரல் நின்றுவிடும். பாடத்தின் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்களின் சங்கிலி. நொதிகள் அதை ஒரு முனையிலிருந்து இரண்டிரண்டு கார்பனாக வெட்டும். ஜெர்மானியரான ஃபிரான்ஸ் க்னோப் 1904இல் நாய்களின் சிறுநீரை ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தார். வெட்டு விழ, மூன்றாவது கார்பனில் ஆக்சிஜன் ஏற வேண்டும். ஃபைட்டானிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்திலோ அதே இடத்தில் ஒரு மீதைல் கிளை முளைத்திருக்கிறது.

உடல் இதற்கும் வழி வைத்திருக்கிறது. பெராக்சிசோம் என்ற செல் உறுப்பில் முதலில் ஒரே ஒரு கார்பன் கழற்றப்படும். கிளை இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும். மூன்றாம் இடம் காலி. பிறகு வழக்கமான வெட்டு நடக்கும்.

கழற்றலைத் தொடங்கிவைக்கும் நொதியின் மரபணு 10ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் அமிலம் ஆண்டுக்கணக்கில் தேங்கும். மாலை மங்கினால் கண் தெரியாது, மணம் தெரியாது, நடை தள்ளாடும், தோல் செதில் செதிலாகும். 1946இல் இதை விரிவாக எழுதிய நார்வே மருத்துவர் சிக்வால்ட் ரெஃப்சம் பெயரால் இது ரெஃப்சம் நோய்.

அந்தக் கிளைச்சங்கிலி இலைப் பச்சையத்திலிருந்துதான் வருகிறது என்றதும், “அப்ப அவங்களுக்குக் கீரை ஆகாதா மேடம்?” என்று கேட்டாள் ஒரு மாணவி. ஆகும். பச்சையத்திலிருந்து அதைப் பிரித்தெடுக்க நம் குடலால் முடியாது. மாட்டின் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்களால் முடியும். அதனால் பால்கொழுப்பு, வெண்ணெய், நெய், ஆடு மாட்டுக் கொழுப்பு, கொழுப்பு மிகுந்த மீன் ஆகியவற்றைத்தான் விலக்க வேண்டும். பட்டினியும் கூடாது, உடற்கொழுப்பு கரைந்தால் அதில் பதுங்கிய அமிலம் ரத்தத்தில் இறங்கும்.

பத்தியம் இருந்தால் தோலும் நடையும் தேறும். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆகவே, மாலைக்கண் என்று வருபவருக்கு மணம் தெரிகிறதா என்றும் கேளுங்கள் என்று மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்லித்தான் அனுப்பினேன்.