பயந்த உடம்புக்குச் சிரிப்பு என்ன செய்கிறது?

2020 மார்ச் 18. மலேசியா முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. லேடாங் மலையடிவாரத்துத் தங்காக், துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர். சித்திரைப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வரவிருந்த நேரத்தில் கடைகள் சாத்திக் கிடந்தன. நோய்ப் பயம் ஒரு பக்கம், வருமானக் கவலை மறுபக்கம்.

அந்த நாள்களில்தான் நாடு விழுந்து விழுந்து சிரித்தது. குடும்பத் தலைவர் மட்டுமே சாமான் வாங்கப் போகலாம் என்பது விதி. இஞ்சி எது, லெங்குவாஸ் எது என்று தெரியாமல் கடையில் விழித்துக்கொண்டு மனைவிக்குப் படம் அனுப்பிக் கேட்ட கணவன்மார் கதைகள் வாட்ஸ்அப்பில் பறந்தன. மார்ச் 27இல், பக்கத்துப் பாகோ தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் அன்றைய பிரதமருமான முஹிடின் யாசின் 250 பில்லியன் ரிங்கிட் உதவித் திட்டத்தை அறிவித்தார். யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று விளக்க, பீசாங் கோரெங் விற்கும் ‘மாக்சிக் கியா’ என்றொரு கற்பனைப் பெண்மணியைச் சொன்னார். உடனே நாட்டின் கேலிப்படங்களுக்கெல்லாம் அந்த அம்மாவே நாயகி!

ஊரே பயந்து கிடக்கும்போது சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று சில பெரியவர்கள் கோபப்படுவார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் உடம்பின் கணக்கு வேறு. பயம் வந்ததும் மூளையின் அமிக்டலா விழித்துக்கொள்கிறது. அட்ரினலினும் கார்டிசோலும் இரத்தத்தில் ஏறுகின்றன. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலோடு நிற்கிறது. சிரிப்போ வயிற்றுத் தசைகளை இறுக்கி மூச்சை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆக்ஸ்ஃபர்டின் ராபின் டன்பார் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், நகைச்சுவைக் காட்சி பார்த்துச் சிரித்தவர்கள் கையில் மாட்டிய உறைகுளிர் உறையின் வலியை முன்பைவிடக் கூடுதலாகத் தாங்கினார்கள். ஆவணப்படம் பார்த்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 2017இல் பின்லாந்தின் துர்க்கு நகரில் 12 ஆண்கள் நண்பர்களோடு சேர்ந்து சிரித்த பிறகு அவர்களுடைய மூளையை ஸ்கேன் செய்தார்கள். வலியையும் பதற்றத்தையும் தணிக்கும், மூளையே சுரக்கும் ஓபியாய்டுகள் கூடியிருந்தன.

தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் இன்னொரு விளக்கம் தருகிறார். சிரிப்பு என்பது ‘பொய் எச்சரிக்கை, பயப்பட ஒன்றுமில்லை’ என்று கூட்டத்துக்குச் சொல்லும் சத்தம். இது கருதுகோள்தான். ஆனாலும் தனியாக இருக்கும்போது நாம் ஏன் அவ்வளவாகச் சிரிப்பதில்லை என்பது இதனால் விளங்குகிறது.

எல்லாச் சிரிப்பும் மருந்தல்ல. அதே மார்ச் கடைசியில் மகளிர் அமைச்சு, கணவனிடம் கார்ட்டூன் பாத்திரமான டோராமோனின் குரலில் கொஞ்சிப் பேசுமாறு மனைவிமாருக்கு ஆலோசனை சொன்னது. பெண்கள் கொதித்தார்கள், அமைச்சு மன்னிப்புக் கேட்டது. உளவியல் ஆய்வாளர்கள் ஆண்ட்ரியா சாம்சனும் ஜேம்ஸ் கிராஸும் 2012இல் காட்டியதும் இதற்கு ஒத்துப்போகிறது: மனத்தைத் தேற்றுவதில் குத்தல் நகைச்சுவையைவிட அன்பான நகைச்சுவைக்கே பலம் அதிகம். இஞ்சிக் கதையில் கணவன்மாரும் சேர்ந்து சிரித்தார்கள். அதனால்தான் அது யாரையும் நோகடிக்கவில்லை.

சிரிக்கவே முடியாத இரவுகளும் உண்டு. அப்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு மெல்லத் தணியும். அப்படியும் வாரக்கணக்கில் தூக்கம் பிடிக்கவில்லையென்றால் வெட்கப்படாமல் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லுங்கள்; பயமும் அவர்கள் பார்க்கும் நோய்தான்.