செடாங் இராச்சியம் நிலைத்திருந்திருக்குமா?

வியத்நாமின் மத்திய மலைநாட்டில், 1888-ஆம் ஆண்டில், மெய்ரேனா என்னும் பிரெஞ்சுக்காரர், கத்தோலிக்கப் பாதிரிமாரின் துணையோடு மலைவாழ் மக்களின் தலைவர்களை இணங்கச் செய்து, செடாங் இராச்சியத்தின் மன்னராகத் தம்மைப் பிரகடனம் செய்துகொண்டார். கொடியும் விருதுகளும் தபால் தலைகளும் தோன்றின; ஆயின் நிலையான நிர்வாகம் வேரூன்றவில்லை, கடலுக்கு வழியுமில்லை.

இதே காலத்தில், போர்னியோத் தீவின் சரவாக்கில் புரூக் என்னும் ஆங்கிலேயரின் வமிச ஆட்சி 1841 முதல் 1946 வரை நீடித்ததென்றால், புரூணை சுல்தான் அளித்த உரிமையும், பிற்பாடு 1888-இல் வாய்த்த பிரிட்டிஷ் பாதுகாப்பும் அதற்கு ஆதாரமாயிருந்தன. மெய்ரேனாவுக்கோ தாய்நாடான பிரான்சே அங்கீகாரம் மறுத்தது. 1890-இல் அவர் தியோமன் தீவில் மாண்டார்.

ஆதலின், நிலப்படத்தில் வெற்றிடமே விட்டுவைக்க விரும்பாத ஏகாதிபத்தியங்களின் யுகத்தில், வல்லரசொன்றின் நிழல் கிட்டாத சிற்றரசு நிலைத்திருத்தல் அசாத்தியம். கிட்டியிருப்பினும், அதன் சுதந்தரம் பெயரளவிலேயே எஞ்சியிருக்கும்.