இல்லாத கருவிக்கு டிரைவர் எழுதலாம்



சென்ற மாதம் கல்வி உதவி விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு தகப்பனார் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மகனுடன் வந்தார். பிள்ளைக்கு ‘டிரைவர்’ எழுதிப் பழக வேண்டுமாம். அதற்கான சோதனைக் கருவி வாங்கப் பதினெட்டாயிரம் ரூபாய் கேட்டார்கள். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். தங்கையின் படிப்பும் அதில்தான். அது முடங்கிவிடுமோ என்ற பயம் வேறு. இதே கவலை இன்னும் சில வீடுகளில் இருக்கலாம் என்பதால், விசாரித்து அறிந்ததை எழுதுகிறேன்.

டிரைவர் என்றதும் பஸ் ஓட்டுபவர்தான் நமக்கு நினைவு வரும். இது வேறு. லினக்ஸ், விண்டோஸ் போன்ற இயங்குதளத்துக்கும் பிரிண்டர், கேமரா போன்ற கருவிக்கும் நடுவில் நின்று பேசித் தரும் நிரல் இது. பெரும்பாலான டிரைவர்கள் இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலுக்குள் ஓடுகின்றன. சாதாரண நிரலில் தவறு நேர்ந்தால் அந்த நிரல் மட்டும் நின்றுபோகும். இங்கே தவறினால் கம்ப்யூட்டரே உறைந்துவிடலாம். பிள்ளையின் பயம் நியாயமானதுதான்.

இதற்கு வழி கியூஎமு என்ற இலவச மென்பொருள். பிரான்ஸைச் சேர்ந்த ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்டார். நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரைப் பாவனையாக ஓட்டிக் காட்டும். டிரைவர் தவறு செய்தால் உள்ளே இருக்கும் பாவனை இயந்திரம்தான் விழும். அதை மூடிவிட்டு மறுபடி தொடங்கலாம். தங்கையின் பாடத்துக்கு ஒன்றும் ஆகாது.

அதிலேயே ‘எஜு’ என்றொரு கருவி இருக்கிறது. எந்தக் கடையிலும் கிடைக்காது, ஏனென்றால் அது வெறும் நிரல். செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தில் கெர்னல் பாடம் நடத்துவதற்காக எழுதப்பட்டது. அதன் ஒரு ரெஜிஸ்டரில் 5 என்று எழுதினால், ஒன்றிலிருந்து ஐந்து வரை பெருக்கி 120 என்று வைக்கும். கணக்கு முடிந்ததும் கம்ப்யூட்டரைத் தட்டிக் கூப்பிடச் சொல்லலாம். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். ‘கேட்டுவிட்டேன்’ என்று டிரைவர் பதில் எழுதாவிட்டால் தட்டுவது நிற்காது. புதிதாக எழுதுபவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.

நினைவகத்தில் தானே நேரடியாக எழுதும் வேலையும் அதற்குத் தெரியும். ஆனால் இயல்பாக முதல் 256 எம்.பி.க்குள்தான் எட்டும். இந்த வரம்பைக் கவனிக்காத டிரைவர், தரவைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும். அசல் கருவிகளிலும் இப்படிப்பட்ட வரம்புகள் உண்டு.

இது மாணவர்களின் விளையாட்டு மட்டுமல்ல. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆப்டரான் சிப் 2003இல் விற்பனைக்கு வருவதற்கு முன்பே, அதற்கான லினக்ஸை சிமுலேட்டரில் ஓட்டித் தயார் செய்துவிட்டார்கள்.

குறையும் உண்டு. சூடேறுவது, வயர் தளர்வது, மின்சாரம் ஏறி இறங்குவது எதையும் பாவனைக் கருவி காட்டாது. வேகமும் அசலைப் போல இராது. கடைசியில் ஒருமுறை உண்மையான கருவியில் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

அதனால் அந்த விண்ணப்பத்தை நாங்கள் தள்ளிவிடவில்லை. முதலில் எஜு கருவிக்கு முழு டிரைவர் எழுதிக் காட்டட்டும், பிறகு பணம் பற்றிப் பேசலாம் என்றோம். தகப்பனாரின் முகம் சற்றுச் சுருங்கியது. பிள்ளையோ பெயரைக் குறித்துக்கொண்டு போனான். அலுவலகத்திலுள்ள பழைய கம்ப்யூட்டர் அஸருக்குப் பிறகு சும்மாதான் கிடக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் கைவைக்கத் தயங்கும் பிள்ளைகள், ஆணாயினும் பெண்ணாயினும், வந்து அதில் பழகிக்கொள்ளலாம்.